கஷாயமா, மாத்திரையா?



சேமிப்பு, உள்கடன், தீர்மான நோட்டில் கையெழுத்து எல்லாம் முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தில்தான் நம் குழுக் கூட்டங்களில் மனம் விட்ட பேச்சே ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் டி. கல்லுப்பட்டி பக்கத்துக் கிராமங்களில் என் காதில் அடிக்கடி விழும் கேள்வி ஒன்று உண்டு. “மேடம், மனசுக்குன்னு மாத்திரை குடுத்திருக்காங்க. தின்னா அதுக்கே அடிமையாயிருவோமாம்ல? அதுக்குப் பதிலா அமுக்கரா சூரணம் சாப்பிட்டா ஆகாதா?” ஊருக்கு ஊர் கேட்கும் விதம் மாறும், கேள்வி இதுதான். பச்சிலை எதுவும் செய்யாது, இங்கிலீஷ் மருந்துதான் கெடுதல் என்று சிலர் சொல்கிறார்கள். நாட்டு மருந்தெல்லாம் ஏமாற்று என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டு பேச்சுமே ஆபத்து என்பது என் அபிப்பிராயம். ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

எது கவலை, எது நோய்?

எல்லாக் கவலையும் நோயில்லை. மழை பொய்த்துப் பருத்தி காய்ந்தால் கவலை வரத்தான் செய்யும். மகளுக்கு வரன் அமையவில்லை, வீட்டுக்காரர் தினமும் குடித்துவிட்டு வருகிறார், அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போகப்போகிறது என்றால் தூக்கம் வராதுதான். இதற்குக் கஷாயமும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். ஆள் துணையும், பிரச்சினைக்கு ஒரு வழியும்தான் வேண்டும்.

ஆனால் காரணம் இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து மனசு இருண்டு கிடக்கிறது, பிடித்த விஷயத்தில்கூடப் பிடிப்பு இல்லை, விடியற்காலை மூணு மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது, சோறு இறங்கவில்லை, ‘நான் எதுக்கும் லாயக்கில்லை’ என்றே நினைப்பு ஓடுகிறது, அன்றாட வேலை ஓடவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். டிவியில் மன அழுத்தம் என்று சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான். திடீர் திடீரென்று நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், மூச்சு முட்டல், ‘என்னமோ ஆகப்போகுது’ என்று விடாத பயம், இதெல்லாம் மனப்பதற்றம். பலருக்கு இரண்டும் சேர்ந்தே வரும்.

நம் பெண்கள் யாரும் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்லிக்கொண்டு டாக்டரிடம் போவதில்லை. “மேலெல்லாம் வலிக்குது, கிறுகிறுன்னு வருது, நெஞ்சை அடைக்குது” என்றுதான் சொல்வார்கள். வெள்ளைப்படுதல் இருந்தால் “ஒடம்பு கரையுது” என்பார்கள். கோவாவில் கிராமத்துப் பெண்களிடம் நடத்திய ஆய்வில், வெள்ளைப்படுதல் என்று வந்த பலருக்கு உண்மையில் கிருமித் தொற்றைவிட மனச்சோர்வோடுதான் அதிகச் சம்பந்தம் இருந்தது தெரிய வந்தது. அதற்காகத் தொற்று இருக்கிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது. இரண்டையும் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்ல வருகிறேன்.

இதே விஷயம் திருப்பியும் நடக்கும். ரத்தசோகை இருந்தாலும், தைராய்டு குறைந்தாலும் ஆள் சோர்ந்துதான் போவாள். தைராய்டு கூடினால் படபடப்பு வரும். அப்படிப்பட்டவளுக்கு மனசுக்கான மாத்திரை கொடுத்தாலும் பிரயோசனமில்லை, லேகியம் கொடுத்தாலும் பிரயோசனமில்லை. ஆகவே எந்த மருந்தைத் தொடும் முன்னும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடுங்கள்.

கோடாங்கியிடம் போய்க் குறி கேட்பதையும், திருநீறு போட்டு மந்திரிப்பதையும் நான் குறை சொல்ல மாட்டேன். போய் வந்தால் சிலருக்கு ஒரு தைரியம் வருகிறது. அதோடு நின்றுவிடுவதுதான் தப்பு. ‘அடுத்த அமாவாசைக்கு வா’, ‘ஆடி போகட்டும்’ என்று மாசங்கள் ஓடிவிடும், நோய் முற்றிவிடும்.

நம்ம மண்ணு மருந்து

நம் கிராமத்துப் பொருளை நாமே பயன்படுத்த வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தில் வாழ்ந்தது நம் கல்லுப்பட்டி காந்தி நிகேதனில்தான். அந்த மண்ணில் நின்றுகொண்டு மூலிகையை ஏளனமாகப் பேச எனக்கு மனசு வராது. பேசவும் கூடாது. அதே சமயம் ஒவ்வொரு மூலிகைக்கும் என்ன தெரியும், என்ன தெரியாது என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா?

அமுக்கராக் கிழங்கையே எடுத்துக்கொள்வோம். வடக்கே அசுவகந்தா என்பார்கள். பதற்றம், தூக்கமின்மை இரண்டுக்கும் இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. சில வாரங்கள் சாப்பிட்டவர்களுக்குப் படபடப்பு ஓரளவு குறைந்தது, தூக்கம் கொஞ்சம் மேல் என்று அவை சொல்கின்றன. ஆனால் பெரும்பாலும் சின்ன ஆய்வுகள், குறுகிய காலம். கடுமையான மனச்சோர்வு இதனால் மட்டும் தீரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. சிலருக்கு ஈரல் பாதித்து மஞ்சள் காமாலை வந்திருக்கிறது. தைராய்டு சுரப்பைக் கூட்டும் குணமும் இதற்கு உண்டு. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சாப்பிடவே கூடாது. இது போன்ற காரணங்களைச் சொல்லி டென்மார்க் நாடு 2023-ல் இதைத் தடையே செய்தது. அந்த அளவுக்குப் போக வேண்டுமா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. ‘ஒண்ணும் செய்யாது’ என்று நாம் சொல்வதும் சரியில்லைதானே?

இன்னொரு சின்ன விஷயம். சித்த மருத்துவ முறைப்படி அமுக்கரா சூரணம் செய்வது எப்படித் தெரியுமா? கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நாலு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்து நாலு, சர்க்கரை நூற்று இருபத்தெட்டு. இரட்டிப்பு இரட்டிப்பாகப் போகும் கணக்கு, என்ன அழகு பாருங்கள்! ஆனால் கூட்டிப் பார்த்தால் சூரணத்தில் பாதி சர்க்கரை, அமுக்கரா கால் பங்குதான். சுகர் இருக்கும் அக்காமார்கள் இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வல்லாரையைத் துவையலாக, கீரையாகச் சாப்பிடுவதற்குத் தடையில்லை. மனச்சோர்வுக்கு அது போதும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். தூக்கத்துக்கு ஒரு சிட்டிகை சாதிக்காய்த் தூளைப் பாலில் போட்டுக் குடிப்பது நம் வீடுகளில் வழக்கம். அந்தச் சிட்டிகை சிட்டிகையாகவே இருக்கட்டும். தூக்கம் வரவில்லையே என்று அளவைக் கூட்டினால் வாந்தி, படபடப்பு, மனசு குழம்பிப் பிதற்றுவது என்று வேறு மாதிரி ஆகிவிடும். ஊமத்தை மட்டும் எந்த ரூபத்திலும் வேண்டாம். அது விஷம், தெளிவாக இருப்பவரையே குழம்ப வைத்துவிடும்.

வேரிலிருந்து வந்த மாத்திரை

மூலிகை வேறு, மாத்திரை வேறு என்று கோடு கிழிக்கிறோமே, அந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு சர்ப்பகந்தாவின் கதை நல்ல சாட்சி. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வளரும் சின்னச் செடி இது. இதன் வேரைப் பித்துப் பிடித்தவர்களுக்கும் தூக்கம் வராதவர்களுக்கும் நாட்டு வைத்தியத்தில் கொடுத்து வந்தார்கள். 1931-ல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும், இந்த வேர் கடுமையான மனநோயையும் ரத்தக் கொதிப்பையும் அடக்குகிறது என்று மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்துப் பார்த்ததை இங்கிலாந்துப் பத்திரிகையில் எழுதியதும் உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற சத்தைப் பிரித்து எடுத்தது. 1954-ல் அமெரிக்காவில் நாதன் கிளைன் என்ற மனநல மருத்துவர் அதை மனநோயாளிகளுக்குப் பயன்படுத்திய விவரத்தை வெளியிட்டார். ஆவேசத்தில் கத்திக்கொண்டிருந்தவர்கள் அமைதியானார்கள்.

அதாவது மனநோய்க்கு வந்த முதல் நவீன மருந்துகளில் ஒன்று நம் நாட்டு வேர்.

கதை அதோடு முடியவில்லை. ரத்தக் கொதிப்புக்காக அதைச் சாப்பிட்ட சிலர் களையிழந்து, மனசு ஒடிந்து, சாக வேண்டும் என்று பேச ஆரம்பித்ததை 1950-களிலேயே டாக்டர்கள் குறித்து வைத்தார்கள். மருந்தால்தான் அப்படி ஆனதா என்று பின்னாளில் விவாதமும் நடந்தது. பிறகு வேறு நல்ல மருந்துகள் வந்ததும் ரிசர்பின் ஓரமாய்ப் போய்விட்டது. பச்சிலையோ, வேரோ, கம்பெனி மாத்திரையோ, உடம்பில் வேலை செய்கிற பொருள் எதுவானாலும் தப்பான ஆளுக்கு, தப்பான அளவில் கொடுத்தால் அதுவே கெடுக்கும். ‘பக்க விளைவே இல்லாத மருந்து’ என்று யாராவது விற்றால், ஒன்று அதில் மருந்து இல்லை, இல்லாவிட்டால் அவர் முழு உண்மையைச் சொல்லவில்லை.

மாத்திரைப் பயம்

இப்போது மாத்திரைக்கு வருவோம். மனசுக்குக் கொடுக்கும் எல்லா மாத்திரையும் ஒரே ஜாதி என்று நினைப்பதால்தான் இவ்வளவு பயம். குறைந்தது இரண்டு ரகத்தைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் ரகம், மனச்சோர்வைக் குறைக்கும் மாத்திரை. அட்டையில் ஃபுளூவாக்சடின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் என்று பெயர் இருக்கும். பதற்றத்துக்கும் இவற்றையே கொடுப்பார்கள். இதில் போதை கிடையாது. இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்ற வெறி வராது. ஆனால் இதில் ஒரு சிக்கல். கெடுதல் முதலில் தெரியும், நல்லது பிறகுதான் தெரியும். ஆரம்பித்த முதல் வாரம் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, ஒரு மாதிரி தவிப்பு இருக்கலாம். மனசு தெளிய இரண்டு முதல் நாலு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். இடைப்பட்ட நாளில்தான் நம்மவர்கள் “இது எனக்குச் சேரலை” என்று நிறுத்திவிடுகிறார்கள். குணமானது மாதிரி இருந்தாலும் பொதுவாக ஆறு மாசத்துக்குக் குறையாமல் தொடரச் சொல்வார்கள், இல்லையென்றால் நோய் திரும்ப வர வாய்ப்பு அதிகம். நிறுத்துவதும் டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான். படக்கென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவு வரும். இதைப் பார்த்துத்தான் ‘அடிமையாக்கிருச்சு’ என்கிறார்கள். ஆரம்ப நாட்களில், அதுவும் இருபத்தைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு, தவிப்போ சாகும் எண்ணமோ கூடினால் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தாம்பத்திய ஆசை குறைவதும் உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவதைவிட, சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள்.

இரண்டாவது ரகம் அல்பிரசோலம், குளோனசிபாம், டயாசிபாம் போன்றவை. போட்ட அரை மணி, ஒரு மணியில் படபடப்பு அடங்கும், தூக்கம் வரும். அதனாலேயே ‘இதுதான் நல்ல மருந்து’ என்று தோன்றும். கொஞ்ச நாளுக்கு மட்டும் கொடுக்க வேண்டிய இந்த மாத்திரைக்குத்தான் உடம்பு பழகும், அடிமையாகும். டாக்டர் சீட்டு இல்லாமல் இதை விற்கவே கூடாது என்று சட்டம். இருந்தாலும் ‘அந்த ரோஸ் கலர் மாத்திரை ஒரு அட்டை குடுங்கண்ணே’ என்று கடையில் வாங்கிப் போடுபவர்கள் நம்மிடையே இல்லையா? வருஷக்கணக்கில் போட்டவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டரிடம் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

எங்கள் பகுதியில் ஒரு சகோதரிக்கு நடந்ததைச் சொல்கிறேன், ஊரும் பேரும் வேண்டாம். இரண்டாவது பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு. அரசு ஆஸ்பத்திரியில் முதல் ரக மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாளில் குமட்டல், குணம் எதுவும் தெரியவில்லை. மாமியாரும் மதினியும் “பால் குடுக்கிறவ இதையெல்லாம் திங்கலாமா?” என்று சொல்ல, நிறுத்திவிட்டாள். (தாய்ப்பால் கொடுக்கும்போது கொடுக்கக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.) சந்தைக்கு வேனில் வந்தவரிடம் ‘நரம்புத் தளர்ச்சிப் பொடி’ வாங்கிச் சாப்பிட்டாள். முதல் ராத்திரியே அப்படி ஒரு தூக்கம்! இரண்டு மாசம் எல்லோரும் அந்தப் பொடியைப் புகழ்ந்தார்கள். வேன் வருவது நின்றது, பொடி தீர்ந்தது. நாலு நாள் பொட்டுத் தூக்கமில்லை, கை கால் நடுக்கம், பிள்ளையைத் தொடவே பயப்பட்டாள். அந்தப் பொடியில் தூக்க மாத்திரையை இடித்துக் கலந்திருப்பார்கள் என்பதுதான் பார்த்த டாக்டரின் சந்தேகம். மாத்திரைக்குப் பயந்து மூலிகைக்குப் போனவள், தெரியாமல் அதையே தின்றிருக்கிறாள். இப்போது முறையாக மருந்து எடுத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு வருகிறாள்.

இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

கேட்காமல் சேர்க்கக் கூடாது. தூக்க மாத்திரையோடு அமுக்கராவையும் சாப்பிட்டால் மயக்கம் கூடும், காலையில் எழுந்து நடக்கும்போது விழுந்துவிடலாம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று மேல்நாட்டு மூலிகை ஒன்று இப்போது கேப்சூலாக ஆன்லைனில் கிடைக்கிறது, டவுனில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வாங்கி அனுப்புகிறார்கள். லேசான மனச்சோர்வுக்கு அது நிஜமாகவே கேட்கும், ஜெர்மனியில் டாக்டர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். ஆனால் கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர் இதைச் சாப்பிட்டால் கருத்தடை பலிக்காமல் போகலாம். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்தால் காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்து வரலாம். மூலிகை மட்டுமல்ல, மேல்வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையும் முதல் ரக மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரும் வாய்ப்பைக் கூட்டும்.

மூலிகைதான் வேண்டும் என்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். நிறைய அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தா பிரிவு இருக்கிறது, மருந்தும் இலவசம். வெளியில் வாங்கினால் டப்பாவில் தயாரிப்பு உரிமம் எண், தொகுதி எண், காலாவதி தேதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் காட்டினால் போதும். ‘அந்த டாக்டரிடம் இதைச் சொன்னால் திட்டுவார்’ என்று மறைக்கிறார்களே, அதுதான் எனக்குக் கவலை. திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

பேச்சுக்கும் பலன் உண்டு

லேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கு முறையாகப் பேசி வழிநடத்துவதும் சிகிச்சைதான். கோவாவில் டாக்டர் விக்ரம் படேலும் சங்காத் நிறுவனமும், மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த மனச்சோர்வு நோயாளிகளோடு ஆறு முதல் எட்டு தடவை பேச வைத்தார்கள். அதுவும் கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களோடு. குணமானவர்கள் அதிகம் என்று 2017-ல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படிப் பேசியவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான்.

ஆனால் நம் குழுக்களில் என்ன நடக்கிறது? ஒருத்தி இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை, தவணை கட்டவில்லை என்றால் ஊக்குநரும் பிரதிநிதியும் வீட்டு வாசலில் போய் நின்று முதலில் கேட்பது பணத்தை. எப்போதும் ஒழுங்காகக் கட்டுபவள் ஏன் கட்டவில்லை, ஏன் தலை சீவாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று யாராவது கேட்கிறோமா? கடன் பாக்கியைக் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அது எல்லோருடைய பணம். “சாப்ட்டியா, தூங்குனியா?” என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் கேளுங்கள்.

“செத்துரலாம் போல இருக்கு” என்று ஒருத்தி சொன்னால், ‘சும்மா பேச்சுக்குச் சொல்றா’ என்று விட்டுவிடாதீர்கள். அப்படி நினைப்பு இருக்கிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது, பாரம்தான் குறையும். அந்த நேரத்தில் கஷாயமா மாத்திரையா என்ற பேச்சே வேண்டாம். அவளைத் தனியாக விடாமல், வீட்டிலிருக்கும் பூச்சி மருந்தையும் மிச்ச மாத்திரைகளையும் வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். உடனே ஆபத்து என்றால் 108. பேசுவதற்கு 14416, இது 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண். இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். தமிழக அரசின் 104-லும் பேசலாம். ‘போலீஸ் கேஸ் ஆயிரும்’ என்று பயந்து மறைத்த காலம் போய்விட்டது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கக் கூடாது, சிகிச்சைதான் கொடுக்க வேண்டும்.

மற்றபடி அவசரமில்லாதவர்கள் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் குழுவிலிருந்து ஒருவர் துணைக்குப் போங்கள், எந்த ஊர் என்றாலும் என்னிடம் சொன்னால் நானும் வருகிறேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டை, சூரண டப்பா, பொட்டலம், பிரஷர் மாத்திரை, வலி மாத்திரை, கருத்தடை மாத்திரை எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். எதையும் நிறுத்தவும் வேண்டாம், புதிதாக ஆரம்பிக்கவும் வேண்டாம். யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று தனித்தனியாக ஒரு சீட்டில் எழுதித் தருகிறேன், மற்றவர்களுக்குத் தெரியாது. அந்தச் சீட்டை எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் நீட்டுங்கள். மாத்திரை அட்டையின் பேர் போட்ட பக்கத்தை மட்டும் கிழித்துவிடாமல் கொண்டு வாருங்கள்.